நீலம் பூசிய ஸ்பிரிங்

சரளைக்கல் குழியின் விளிம்பில் நின்று டெஸ்ஸா துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள். அது சளக்கென்று முன்னால் போய் மூடியது. திரும்பி நெல்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாத்தியா? நீலம். பதினொண்ணு. அந்த டாக்டர் மீட்டர வெச்சு என்னத்த அளந்தாங்களோ போ.”

“பாத்தேன்,” என்றான் நெல்ஸ்.

நீலம் என்றால் பதினொரு பவுண்டு ஸ்பிரிங். ஸ்லைடை முன்னால் தள்ளி மூடுவது அதுதான்; எடை கூடக்கூட இழுக்கக் கையில் வலு வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் முனையில் ஒரு சொட்டு பெயிண்ட் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒரே கம்பிச்சுருள்தான். கலந்துவிட்டால் எது எது என்று தெரியாது. கல்யாணமான புதிதில் டெஸ்ஸா கொண்டுவந்த வழக்கம் அது. பன்னிரண்டுக்குச் சிவப்பு, பதினொன்றுக்கு நீலம், பத்துக்கு வெள்ளை, ஒன்பதுக்குப் பச்சை. அதற்குக் கீழே அவர்கள் வாங்கியதே இல்லை.

இப்போது துப்பாக்கிக்குள் கிடந்தது ஏழு பவுண்டு. அதன் முனையில் நீலத்தைத் தொட்டு வைத்தவன் நெல்ஸ்.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஸ்பிரிங் பார்ப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. நெல்ஸ் அவள் கண்ணில் படாமல் ஒன்றை மாட்டிக் கொடுப்பான். அவள் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு எடையைச் சொல்வாள். கனமானதாக இருந்தால் ஸ்லைடு ஓங்கி மூடும். மூடுகிற வேகத்தில் குழலின் மூக்கு கீழே குத்தும். “இது தலையாட்டி பொம்ம, கழட்டு” என்பாள். இலேசானதாக இருந்தால் ஸ்லைடு பின்னால் போய் மடேரென்று மோதும். மணிக்கட்டு வரை அதிரும். “இது கழுத. ஒதைக்குது.” இரண்டுக்கும் நடுவில் ஒரு எடை இருக்கிறது. அதில் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் தெரியும் சிவப்புப் புள்ளி மேலே எழும்பி, யாரும் கூப்பிடாமலே பழைய இடத்தில் வந்து உட்காரும். அவள் கைக்கும் அவர்கள் வீட்டிலேயே மருந்து நிரப்பும் தோட்டாவுக்கும் அந்த எடை பதினொன்று. தேடிக் கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலம் முழுக்க ஆனது. பிறகு அவள் மாற்றவே இல்லை.

டெஸ்ஸா ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். ஒருநாள் ஒரு விவசாயியின் வாய்க்குள் கருவி கையிலிருந்து நழுவியது. மறுவாரம் மறுபடியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை குழிவிழுந்து போயிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். போயிஸி நகரத்து நரம்பு மருத்துவர் அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும், திரும்பி வராது என்றும் சொன்னார். வீட்டில் அவர்கள் அதை ‘அது’ என்றார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். ஒரு மீட்டரைக் கையால் பிழிய வேண்டும். ஒரு குழாயில் ஊத வேண்டும். “ஒரு நாள் சாப்பாடு தொண்டையில எறங்காமப் போகும்” என்றார் மருத்துவர். “அதுக்கு முன்னாடி வயித்துல ஒரு டியூப் வெக்கணும். மூச்சு நல்லா இருக்கும்போதே வெச்சாத்தான் மயக்க மருந்து தாங்கும். எப்ப வெக்கணும்னு இந்த ஊதுற எண்தான் எனக்குச் சொல்லும். வராம மட்டும் இருந்துறாதீங்க.”

ஏப்ரலில், மாதாமாதம் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு முந்தின நாள், இதே குழியில், டெஸ்ஸாவால் ஸ்லைடை இழுக்க முடியவில்லை. பாதி வந்து நின்றது. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். அதே பாதி.

“கை ஈரம்” என்றாள்.

வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கை ஈரமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிற்பகல் அவள் படுத்திருந்தபோது நெல்ஸ் கராஜில் பத்து பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்தான். வெள்ளையைத் தின்னரால் துடைத்தான். நீலத்தைத் தொட்டு வைத்தான். மறுநாள் ஸ்லைடு முழுதும் வந்தது. அவள் முகம் விரிந்ததைப் பார்த்தான். இனி வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை என்று தோன்றியது.

ஆனால் ஸ்பிரிங் தனியாக வாழாது. அதைக் குறைத்தால் தோட்டாவில் வெடிமருந்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுதை உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அவள் விரல்கள் மழுங்கிய பிறகு தோட்டா நிரப்பும் வேலை முழுக்க நெல்ஸிடம் வந்திருந்தது. அவன் சர்க்கரை ஆலையில் பொறியாளன். துல்லியம் அவனுக்குக் கைவந்தது. ஜூனில் ஒன்பது, ஜூலையில் எட்டு, ஆகஸ்டில் ஏழு. ஒவ்வொரு முறையும் மருந்து ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு முறையும் சிவப்புப் புள்ளி அவளுக்கு யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.

“எனக்கு ஒண்ணு தோணுது” என்றாள் ஜூலையில். “அது நின்னுடுச்சு. சில பேருக்கு நிக்குமாமே.”

அந்த மாதம் போயிஸிக்குப் போகவில்லை. “அங்க போனா எறங்குற எண்ணத்தான் சொல்லுவாங்க. எனக்கு என் மீட்டர் இருக்கு.” நெல்ஸ் அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். “சரி, அடுத்த தடவ போலாம்” என்று வந்தது. அந்த அடுத்த தடவை, அக்டோபரிலும், போகவில்லை. அதற்கு முன்பே, செப்டம்பரில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் மூன்று தலையணை வைத்துத் தூங்க ஆரம்பித்தாள். கிழங்கு அறுவடை, ஊரெல்லாம் தூசி என்றாள். அவனும் தூசி என்றான்.

பிறகு ஒருநாள் உருளைக்கிழங்கு வறுவலை முள்கரண்டியில் குத்த முயன்றுகொண்டே சொன்னாள்:

“மாநிலப் போட்டிக்கு ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்.”

நெல்ஸ் தட்டைப் பார்த்தான். “அவ்ளோ தூரம் கார்ல உக்காரணும். ஒனக்குக் களைப்பா இருக்கும்.”

“கார ஓட்டப்போறது நீ. எனக்கென்ன களைப்பு?”

“அங்க வேகமானி வெப்பாங்க டெஸ்.”

“வெக்கட்டும். நம்ம தோட்டா நூத்தி முப்பது. ஒனக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? எங்கிட்ட தோத்துருவேன்னு பயமா எஞ்சினீயரே?”

குண்டின் எடையை அது பறக்கும் வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நூற்றிருபத்தைந்துக்குக் குறையக் கூடாது. அதுதான் விதி. உதைப்பே இல்லாத பஞ்சுத் தோட்டாவோடு வந்து யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. மாதாமாதம் நடக்கும் ஊர்ப் போட்டியில் யாரும் அளப்பதில்லை. மாநிலப் போட்டியில் ஒவ்வொருவரிடமும் எட்டுத் தோட்டா வாங்கி அளப்பார்கள். டெஸ்ஸாவின் தோட்டா இப்போது நூற்று நான்கு.

நெல்ஸ் சரியான மருந்தில் பத்துத் தோட்டா தனியாகச் செய்தான். ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அவள் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். கேட்டால் இதிலிருந்து கொடு என்றான். சரி என்றாள்.

போட்டி நாளன்று காலையில் குளிர் இருந்தது. அவர்கள் குழுவில் பர்ல் இருந்தார். கிழங்கு லாரி ஓட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர். காய்ந்த மான்கறிப் பொட்டலத்தை எல்லார் மூக்குக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருந்தார்.

“எடுத்துக்கம்மா டெஸ்ஸா. இந்த மான நான் சுடல. வயசாகித் தானாச் செத்துச்சு.”

“பல்லுல மாட்டுனா எடுத்துவிட நான் இப்ப வேலையில இல்ல பர்ல்.”

“அதுக்குத்தான் நான் பல்ல எல்லாம் வீட்டுல வெச்சிட்டு வந்தேன்.”

டெஸ்ஸா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி நிற்கச் சற்று நேரமானது. நெல்ஸ் வேறு பக்கம் பார்த்தான்.

முதல் இரண்டு சுற்றை அவள் நன்றாகவே சுட்டாள். கால் மெதுவாகத்தான் நகர்ந்தது. கை நின்றது. மூன்றாவதாக வேகமானிக் கூடாரம். அங்கே வாண்டா என்றொரு பெண்மணி இருந்தார். ஆரஞ்சுத் தொப்பி, ஒரு தராசு, ஒரு முக்காலி.

“எட்டுக் குடும்மா.”

நெல்ஸ் பைக்குள் கையை விட்டுச் சின்னப் பெட்டியை எடுத்தான்.

“ஐயய்ய, அது எதுக்கு?” என்றாள் டெஸ்ஸா. “பொட்டியில இருந்து குடுக்குறவன் எல்லாம் திருடன்னு இவங்க நெனப்பாங்க. இடுப்புல இருந்தே எடுத்துக்கங்க.” இடுப்புப் பட்டையில் நின்ற, தோட்டா அடுக்கிய மேகசினைக் காட்டினாள். வாண்டாவுக்கு அது பிடித்துவிட்டது. மேகசினை உருவி, கட்டைவிரலால் எட்டைத் தள்ளி எடுத்தார்.

“டெஸ்” என்றான் நெல்ஸ்.

“என்ன?”

அவன் சின்னப் பெட்டியைப் பைக்குள் திரும்ப வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

வாண்டா ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டைத் தராசில் போட்டார். பிறகு டெஸ்ஸாவின் துப்பாக்கியை வாங்கி ஸ்லைடை இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார், இந்த முறை இரண்டே விரலால்.

“என்னம்மா இது, வெண்ணெய் மாதிரி வருது. எத்தன ஸ்பிரிங்?”

“பதினொண்ணு” என்றாள் டெஸ்ஸா. அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம் நெல்ஸின் காதில் விழுந்தது.

“பதினொண்ணா? என் வீட்டுக் குளியலறத் திரையே இதவிடக் கனமாச்சே.”

பர்ல் பெரிதாகச் சிரித்தார். டெஸ்ஸாவும் கூடவே சிரிக்கத் தொடங்கினாள். வாண்டா மூன்று சுட்டார். வேகமானியைக் குனிந்து பார்த்தார். இன்னும் மூன்று சுட்டார். சிரிப்பு நின்றது.

“நூத்தி நாலு.”

“இல்ல,” என்றாள் டெஸ்ஸா. “மெஷின்ல ஏதோ...”

“இப்பத்தான் உன் முன்னாடி நின்னவருக்கு நூத்தி முப்பத்தொண்ணு காட்டிச்சு. குளிருக்குக் கொஞ்சம் கொறையும்மா. ஒண்ணு, ரெண்டு. இவ்ளோ கொறையாது.” வாண்டா குரலை இறக்கினார். “மிச்சச் சுற்றையும் நீ சுடலாம். கணக்குல வராது, அவ்ளோதான்.”

டெஸ்ஸா நெல்ஸைப் பார்த்தாள். அவள் கண் அவன் முகத்திலிருந்து அவன் கையில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவளுக்கு இந்த விஷயத்தில் விளக்கம் தேவைப்படாது. எது குறைந்தால் எது குறைய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“எத்தன?”

“ஏழு.”

“எப்ப இருந்து?”

“ஏப்ரல். மொதல்ல பத்து.”

“நீலத்த வெச்சியா?”

“வெச்சேன்.”

பர்ல் மான்கறிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வாண்டா தராசைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“பதினொண்ணு எங்க?” என்றாள் டெஸ்ஸா.

“டெஸ், வேணாம்.”

“எங்கன்னு கேட்டேன்.”

கருவி டப்பாவின் அடியில் இருந்தது. துப்பாக்கியைப் பிரிக்க என்று ஒதுக்கிய மேஜைக்குப் போனார்கள். அங்கே தோட்டாவைத் தொடக் கூடாது. துப்பாக்கியை மட்டும் தொடலாம். நெல்ஸ் ஏழைக் கழற்றிப் பதினொன்றை மாட்டினான். ஸ்லைடை இழுத்துச் சோதித்தான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

“இங்கயே ஒரு தடவ இழுத்துப் பாரு” என்றான். “யாரும் பாக்க மாட்டாங்க.”

அவள் துப்பாக்கியை உறையில் வைக்கச் சொன்னாள். வைத்தான். பர்லிடம் தோட்டா கேட்டாள். பர்ல் கேள்வி கேட்காமல் ஒரு மேகசினை நிரப்பிக் கொடுத்தார்.

நான்காவது சுற்றில் ஹைரம் என்பவர் நடுவராக டைமரோடு நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது. டெஸ்ஸா கோட்டில் போய் நின்றாள். முன்னால் சுட வேண்டிய காகித அட்டைகள் ஆள் போல வரிசையாக நின்றன, மஞ்சளாக, தோள் வைத்து.

“லோடு பண்ணித் தயாராகுங்க.”

துப்பாக்கியை உருவினாள். மேகசினை உள்ளங்கையால் தள்ளிச் சொருகினாள். இடது கையால் ஸ்லைடைப் பற்றி இழுத்தாள். ஒரு விரல்கடை வந்து நின்றது. விட்டாள். இழுத்தாள். அதே விரல்கடை. பிடியை மாற்றி, முழுக் கையால் மேலிருந்து கவ்வினாள். தோள் நடுங்கியது. ஸ்லைடு நடுங்கவில்லை.

“அவசரமில்லம்மா” என்றார் ஹைரம்.

கோட்டில் நிற்பவரின் துப்பாக்கியை இன்னொருவர் தொடக் கூடாது. கணவனாக இருந்தாலும், அடியெடுத்து வைக்கக் கூடாது. நெல்ஸ் பின்னால் மற்றவர்களோடு நின்றான். அவள் இழுக்கும்போதெல்லாம் தன் இடது கை மூடுவது அவனுக்குத் தெரிந்தது.

டெஸ்ஸா ஸ்லைடின் விளிம்பை இடுப்புப் பட்டையில் மாட்டித் தள்ளப் பார்த்தாள்.

“குழல் முன்னாடியே பாக்கட்டும்மா,” என்றார் ஹைரம் மெதுவாக. “முன்னாடி.”

“சாரி” என்றாள். குழலை நேராக்கினாள். அப்படியே நின்றாள். மூச்சு வாங்கும் சத்தம் பின்னால் வரை கேட்டது. தூசி ஏதும் இல்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. பர்ல் முதுகைக் காட்டித் திரும்பி நின்று மலையைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் அவரைப் போலவே திரும்பினார்கள்.

அவள் மேகசினைக் கழற்றினாள். அதற்கே இரண்டு கை தேவைப்பட்டது.

“முடிச்சிட்டேன்” என்றாள்.

ஹைரமுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். “முடிச்சிட்டா, காலி பண்ணிக் காட்டுங்க.” காட்ட வேண்டுமானால் ஸ்லைடை இழுக்க வேண்டும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டித் தானே இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் உறையில் அதை வைத்தார். விதிப்படி அது கூடாது. “களம் பத்திரம்!” என்று கத்தினார், பழக்கதோஷத்தில் முழுக் குரலில்.

அந்தச் சத்தம் கேட்டதும் குழுவில் எல்லாரும் ஓட்டைகளை அடைக்கும் ஒட்டுக்காகிதத்தோடு முன்னால் நடந்தார்கள். பாதிவழியில்தான் உறைத்தது. அட்டைகளில் ஒரு ஓட்டையும் இல்லை. பர்ல் ஒரு காகிதத்தைக் கிழித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு சுத்தமான அட்டைக்கு முன்னால் நின்றார். கடைசியில் அதைத் தன் சட்டைக்கையிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

காரில் திரும்பினார்கள். பாம்புநதிப் பாலம் தாண்டியதும் சொன்னாள்:

“திங்கக்கெழம போயிஸிக்குப் போன் பண்ணு.”

“டெஸ், நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்னா...”

“தெரியும். ரோட்டப் பாரு.”

வியாழக்கிழமை இடம் கிடைத்தது. அவள் மீட்டரைப் பிழிந்தாள். அந்த எண்ணை யாரும் உரக்கச் சொல்லவில்லை. குழாயில் ஊதினாள். தொழில்நுட்பப் பெண் இன்னொரு முறை ஊதச் சொன்னாள், பிறகு இன்னொரு முறை. மூன்றாவதுக்குப் பிறகு “போதும், நல்லாச் செஞ்சீங்க” என்றாள்.

மருத்துவர் நாற்காலியை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மூச்சு முப்பத்தாறு சதவீதத்துக்கு வந்திருக்கு. ஏப்ரல்ல எழுபத்தி ரெண்டு. இந்த நெலமையில டியூப் வெக்க மயக்க மருந்து குடுத்தா, நீங்க திரும்பி எந்திரிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. எந்த டாக்டரும் இப்ப கை வெக்க மாட்டாங்க.”

“அப்ப?”

“முடிஞ்ச வர வாயால சாப்பிடுங்க. கூழா, கெட்டியா. அதுக்கப்பறம் உங்களுக்கு வலி இல்லாம நாங்க பாத்துக்குவோம்.” அவர் கணினித் திரையைப் பார்த்தார். “ஜூலையில வந்திருந்தாக்கூட வெச்சிருக்கலாம். ரெண்டு தடவ வரலையே. ஏன்?”

நெல்ஸ் நிமிர்ந்தான். வார்த்தைகள் தயாராக இருந்தன. நான்கு நாளாகத் தயாராக இருந்தன. நான்தான் என்று தொடங்க வேண்டும்.

“நல்லா இருக்கேன்னு நெனச்சிட்டேன் டாக்டர்” என்றாள் டெஸ்ஸா. “புத்தியில்ல எனக்கு.”

“அப்படிச் சொல்லாதீங்க. நெறையப் பேருக்கு அப்படித்தான் தோணும்.” மருத்துவர் அவள் முழங்காலைத் தொட்டார். பிறகு நெல்ஸ் பக்கம் திரும்பினார். “நீங்க கூடவே இருக்கீங்களே, அதுவே இவங்களுக்குப் பெரிய பலம்.”

நெல்ஸ் டெஸ்ஸாவைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் காப்பாற்றிய முகமாக அது இல்லை. பேச்சை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிற முகமாக இருந்தது. மருத்துவர் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக.

“ஆமா” என்றான்.

டெஸ்ஸா கையை நீட்டினாள். மேல்கோட்டை மாட்டிவிட வேண்டும். அவன் எழுந்து ஒரு கையை உள்ளே விட்டான், பிறகு மறு கையை. பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தான். கழுத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள். கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை அவள் கண் தொட்டியை விட்டு நகரவில்லை.